தாதோவின் புறா பார்த்த பக்கம்

1

போன தவக்காலத்தில் அடித்த காற்றில் எங்கள் குடியின் கல்லறை நிலத்தில் நின்ற கம்பம் ஒன்று சாய்ந்தது. இந்தக் கதை பிறந்தது அதனால்தான். இதைவிட உயர்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கம்பம் என் தாத்தாவின் தம்பி தாதோவுடையது. லொம்பார்டுகளான எங்களில் ஒருவன் வெளியிடத்தில் செத்து, உடல் வீடு வந்து சேராமல் போனால், உறவினர்களின் கல்லறைகளுக்கு நடுவே அவன் பெயருக்கு ஒரு கம்பம் நடுவோம். உச்சியில் மரத்தில் செதுக்கிய புறா இருக்கும். அவன் எந்தப் பக்கம் கிடக்கிறானோ அந்தப் பக்கம் புறாவின் முகம் பார்க்க வேண்டும். வழக்கம் அவ்வளவுதான். வழிப்போக்கன் கூடக் கம்பத்தை ஒரு முறை பார்த்தால் போதும், செத்தவன் எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சாய்ந்ததை மறுபடி நட வேண்டும். புதுக் கம்பம் சீவியாயிற்று. பேரிக்காய் மரத்தில் புதுப் புறாவும் ஆயிற்று. குழியும் தோண்டியாயிற்று. என் மகன்கள் கம்பத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கேட்டார்கள்:

"எந்தப் பக்கம்ப்பா?"

எனக்குத் தெரியவில்லை. பழைய புறாவின் தலை, நான் பிறப்பதற்கு முன்பே ஆலங்கட்டி மழையில் உடைந்துபோயிற்று. நான் பார்த்ததெல்லாம் கம்பத்தின் மேலே ஒரு கட்டை. அதில் வால் எது கழுத்து எது என்று சொல்ல முடியாது. வீட்டில் சிலர் கிழக்கு என்பார்கள், சிலர் தெற்கு என்பார்கள். அந்தப் பேச்சு வந்தாலே என் தந்தை எழுந்து வெளியே போய்விடுவார்.

"நாளைக்கு நட்டுக்கலாம்" என்று மகன்களை அனுப்பிவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. குழியில் தண்ணீர் நிற்கிறது, தவளைகள் குடியேறிவிட்டன.

எழுதிக்கொண்டே போனால் திசை தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்தேன். படிப்பவர் ஒன்றை இப்போதே அறிந்துகொள்ள வேண்டும். இந்தக் குடியின் தலைவன் நான். எங்களில் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடியவனும் கிடையாது, பொய்யாணை இட்டவனும் கிடையாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்:

"மாவீரன் தாதோ, கிழக்கு மலைக் கணவாயில், ஸ்லாவ்கள் நூறு பேர் தன்னைச் சூழ்ந்து நிற்க..."

நிறுத்தினேன். நூறு பேர் என்று எண்ணியது யார்? எண்ணியவன் அங்கே சும்மா நின்றுகொண்டா இருந்தான்?

இரண்டாம் தொடக்கம்:

"நற்பெயர் கொண்ட ஒரு குடிக்கு, அங்கே வாழ வந்த குந்தெராதா என்னும் பெண்ணால் நேர்ந்த கேடு..."

இதையும் நிறுத்தினேன். கேடு அவளால் நேர்ந்ததா என்பதுதான் கதையே. முதல் வரியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், மீதியை எழுதுவது மை வீண்.

மூன்றாவது இது: என் தாத்தா ரோதோ மலையிலிருந்து இரண்டு கேடயங்களோடு திரும்பினார்.

இந்த வரி நிற்கிறது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரியும் இது ஒன்றுதான். இதிலிருந்தே போகிறேன்.

3

ரோதோ மலையிலிருந்து இரண்டு கேடயங்களோடு திரும்பினார். ஒன்று அவருடையது. மற்றது தம்பி தாதோவுடையது.

கணவாயில் மேலிருந்து கற்கள் உருண்டு வந்தபோது படை கலைந்தது. மறுபடி கூடியபோது தாதோ இல்லை. ரோதோ திரும்பிப் போய்த் தேடினார். முட்புதர் ஓரத்தில் தம்பியின் கேடயம் கவிழ்ந்து கிடந்தது. உடல் இல்லை. ஓடை பெருகி ஓடிக்கொண்டிருந்தது, அது கொண்டுபோயிருக்கும் என்று எண்ணினார். பிறகு கேடயத்தை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கேடயம் கிடந்தால் ஆள் செத்தான். இதில் ஐயப்பட ரோதோவுக்கு எதுவும் இல்லை. உயிரோடு இருக்கிறவன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுப் போவான் என்ற எண்ணமே அவர் மண்டையில் உதிக்காது. வேறு எந்த இனத்தான் வந்து தேடியிருந்தாலும், "ஓடிவிட்டானோ?" என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பான்.*

ஊருக்கு வந்ததும் கேடயத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். கல்லறை நிலத்தில் கம்பம் நட்டார். புறாவை அவரே செதுக்கி, அடியில் ஆணி அறைந்து, கம்பத்தோடு இறுக்கினார். முகம் கிழக்கே, கணவாயைப் பார்த்தது. ஊர் முழுதும் வந்து நின்றது. தாதோவின் மனைவி குந்தெராதா ஓரமாக நின்றாள். கணவன் இல்லாத பெண் எங்கள் சட்டப்படி ஓர் ஆணின் பொறுப்பில் இருக்க வேண்டும். அன்றுமுதல் அவள் ரோதோவின் பொறுப்பு.

"அவர் மொகத்தைப் பாத்தீங்களா, மூத்தவரே?" என்று அவள் கேட்டாள்.

"கேடயத்தைப் பாத்தேன்."

"மொகத்தைக் கேட்டேன்."

"கேடயத்தைப் பாத்தா மொகத்தைப் பாத்த மாதிரிதான்" என்றார் ரோதோ.

* இப்போது எங்களை ஆளும் ஃபிராங்குகளிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

4

குந்தெராதாவை எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. ரோதோவின் மனத்துக்குள் நுழைய எனக்கு உரிமை உண்டு. அவர் கோபத்தில் பல்லைக் கடித்தால் நானும் கடிக்கிறேன். அவளோ வேறு குடியில் பிறந்து வந்தவள். எங்கள் வீட்டில் அவள் பெயர் பேச்சில் வருவதில்லை. நல்லவளாக எழுதினால் என் தாத்தா கெட்டவர் ஆகிறார். கெட்டவளாக எழுதினால் கதை மரக்கட்டையாகிறது. [அழகாக இருந்தாளா? தெரியாது. எழுதத் தேவையுமில்லை.] ஆகவே அவளை வெளியிலிருந்தே எழுதுகிறேன். பேசியதை எழுதுவேன், செய்ததை எழுதுவேன். உள்ளே என்ன ஓடியது என்பதற்கு நான் பொறுப்பல்ல.

சில ஆண்டுகள் கழிந்தன. தெற்கே, ஒரு நாள் நடை தூரத்தில், கடல் உள்ளே புகுந்து நிற்கும் உப்பங்கழிகள் உண்டு. அங்கே ரோமானியர்கள் வாழ்கிறார்கள். நிலம் எங்களுடையது, தண்ணீர் அவர்களுடையது. அவர்களில் உர்சோ என்பவன் கோவேறு கழுதையில் உப்பு ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருவான். அன்று வந்தபோது வீட்டில் ஆண்கள் இல்லை. குந்தெராதா உப்பை முகர்ந்து பார்த்தாள்.

"என்னய்யா, பாதி மணலா இருக்கு?"

"கடல்லேருந்து வர்றது தாயீ. மணலும் கடலோடதுதான். அதுக்குத் தனியா காசு வாங்கல."

"உன் நாக்குல ஒரு கல்லைப் போட்டு உப்புல ஊறவைக்கணும்."

உர்சோ சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, சேணத்துப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். ஒரு கையுறை. மான்தோல். உப்பு ஏறி விறைத்திருந்தது.

"எங்க பக்கம் ஒரு ஆளு இருந்தாரு. வலை தைக்கிறவரு. பிடரியை மழிச்சு, முன்முடியை ரெண்டா வகுந்துவிட்டு, உங்க ஆளுங்க மாதிரியேதான் இருப்பாரு. போன மாசம் காய்ச்சல்ல போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி இதை உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அவள் கையுறையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் பாதியில் முடிந்து, முனை மடித்துத் தைத்திருந்தது. தாதோவுக்குச் சிறு வயதிலேயே சுண்டுவிரலில் பாதி கிடையாது, கோடரிக்குப் போனது. அப்படி ஒரு கையுறையை உலகில் ஒருத்திதான் தைத்திருக்க முடியும்.

"எங்க புதைச்சீங்க?" என்றாள்.

"எங்க கோயில் பக்கத்துல. தண்ணியைப் பாத்த மாதிரி."

உப்புக்கு விலை பேசாமல் அவன் கேட்டதைக் கொடுத்தாள். உர்சோவுக்கே அது வியப்பாக இருந்தது. அந்த வியப்பை, வலை தைத்தவனின் கதையோடு சேர்த்து, அடுத்த வீட்டில் சொன்னான். அடுத்த வீடு வினிகிஸுடையது.

5

வினிகிஸ் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர். ரோதோவின் வயதுதான். இரண்டு பேரும் சிறு வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே வளர்ந்தவர்கள்.

[இங்கே வினிகிஸைக் கொடியவராக எழுத ஒரு ஆசை வந்தது. அவர் மூக்கைப் பற்றி ஒரு பத்தி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவருடைய பேரனின் மகளைத்தான் என் இளைய மகன் கட்டியிருக்கிறான்.]

புல்லறுப்பு முடிந்த விருந்து. பன்றி சுட்டிருந்தார்கள், தினைக் கஞ்சி இருந்தது, திராட்சை மது தாராளமாக இருந்தது. அந்த ஆண்டு ஒரு சிறு சண்டைக்குப் போய்த் திரும்பியிருந்த வினிகிஸின் மகன் எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தான். ரோதோ அவனைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"என்ன வினிகிஸ், உன் மகன் சண்டைக்குப் போனானா, பொண்ணு பாக்கப் போனானா? சட்டை மடிப்புகூட கலையல!"

எல்லோரும் சிரித்தார்கள். வினிகிஸ் சிரிக்கவில்லை.

"என் மகன் கேடயத்தோட போனான், கேடயத்தோட வந்தான். உங்க வீட்டுலதான் கேடயம் தனியா வருது."

"கேடயம் தனியா வந்தா ஆளு செத்தான்னு அர்த்தம். அது உனக்குத் தெரியாது. உங்க வீட்டுல எவனும் சாகற அளவுக்கு முன்னால போயி நிக்கறதில்லையே."

"செத்தான். சரி, செத்தான். எங்க செத்தான்?" வினிகிஸ் எழுந்துவிட்டார். "உன் புறா கிழக்கே பாக்குது. உப்புக்காரன் தெக்கே கையைக் காட்டறான். ரெண்டுல எதைய்யா நம்பறது? மரத்தையா, மனுஷனையா?"

"உக்காரு. குடிச்சிருக்க."

"குடிச்சுதான் இருக்கேன். ஆனா வலை தைக்கல." பிறகு, எல்லோர் காதிலும் விழும்படி, அந்தச் சொல்லைச் சொன்னார்: "அர்கா. உன் தம்பி அர்கா."

கோழை என்று பொருள். ஆனால் கோழை என்று எழுதினால் அதன் கனம் வராது. ஒருவனை வேசி மகன் என்று சொன்னால் எங்கள் ஊரில் அடிதடியோடு போகும். அர்கா என்று சொன்னால் மன்றம் கூட வேண்டும். சொன்னவன், கோபத்தில் வாய் தவறியது என்று ஆணையிட்டுத் தண்டம் கட்டலாம். இல்லை, சொன்னது சொன்னதுதான் என்று நிற்கலாம். மறுநாள் மது தெளிந்த பிறகும் வினிகிஸ் சொன்னதிலேயே நின்றார். மன்றத் தலைவர் ஆகோ இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ரோதோ ஆயுதத்து மேல கை வச்சு ஆணையிடட்டும்" என்றார் வினிகிஸ். "வளவளன்னு வேண்டாம். அந்தப் புறா எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம்தான் தம்பி எலும்பு கிடக்குதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா நான் மண்டி போட்டு மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"ஒத்துக்கறியா?" என்று ஆகோ ரோதோவைப் பார்த்தார்.

"ஒத்துக்கறேன்" என்றார் ரோதோ. அவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கேடயம் கிடந்தது, ஆள் செத்தான்.

6

வீட்டுக்கு வந்தவர் நேராகத் தறிக் கூடத்துக்குப் போனார். குந்தெராதா நெய்துகொண்டிருந்தாள்.

"உப்புக்காரன்கிட்ட என்ன பேசின?"

"உப்பு மணலா இருக்குன்னு பேசினேன்."

"ஊரே சிரிக்குது!"

"நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல, மூத்தவரே. அவனுக்கு உப்பு விக்கணும். கூடவே கதையும் வித்துட்டான்." தறியை நிறுத்தினாள். பெட்டியைத் திறந்து கையுறையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

ரோதோ அதைத் தொடவில்லை. பாதிச் சுண்டுவிரலைப் பார்த்தார். அந்தக் கோடரி நழுவியபோது பக்கத்தில் இருந்தது அவர்தான். இரத்தம் நிற்கத் தம்பியின் கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு வீடுவரை ஓடி வந்ததும் அவர்தான்.

"ஒரு நாள் நடை" என்றார்.

"ஆமா. ஒரு நாள் நடைதான்."

"அவன் ஏன் வரல?"

"வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

போரில் பக்கத்தில் நின்றவனை விட்டுவிட்டு ஓடியவனுக்கு எங்கள் சட்டத்தில் ஒரே தண்டனைதான், சாவு. கணவாயில் தாதோவின் பக்கத்தில் நின்றது ரோதோ.

"கேடயத்தைக் கொண்டாந்து சுவத்துல மாட்டினீங்க" என்றாள் குந்தெராதா. "ஆளே வந்திருந்தா எங்க மாட்டியிருப்பீங்க?"

[இதை அவள் சொன்னாளா, நான் சொல்லவைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எழுதி முடித்ததும் கையை எடுத்துவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.]

"நாளை மறுநாள் நான் ஆணையிடணும்" என்றார் ரோதோ.

"தெரியும்."

"வாக்குக் கொடுத்துட்டு இனி பின்வாங்கினா, அவன் அர்கான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. என் பசங்களை எந்த மன்றத்துலயும் எவனும் சாட்சிக்குக்கூட கூப்பிட மாட்டான்."

"ஆணையிட்டா?"

"இட்டா..." என்றார். ஆயுதத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவன் எங்கள் குடியில் அதுவரை இல்லை. அதைச் செய்யும் முதல் ஆளாகத் தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கோழையின் அண்ணன் என்பதையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க இடமில்லை.

"உனக்கு என்ன வேணும்?" என்று கடைசியாகக் கேட்டார். அதுவரை அவர் அவளிடம் கேட்காத கேள்வி.

"அந்தப் புறா தெக்கே பாக்கணும்."

"உன்னை விட்டுட்டுப் போயி, ஒரு நாள் நடையில உக்காந்து வலை தைச்சவனுக்கா?"

"ஆமா. யாருமில்லாத மலையை இத்தனை வருஷமா பாத்துக்கிட்டு இருக்கு. நானும் கூடவே பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குக் கழுத்து வலிக்குது, மூத்தவரே. அது அவரைப் பாக்கட்டும். கோவமா வேணா பாக்கட்டும். ஆனா அவரைப் பாக்கணும்."

ரோதோ கையுறையைப் பார்த்தபடியே எழுந்து வெளியே போனார்.

7

இனி வருவதை மெதுவாக எழுத வேண்டும். இங்கே ஒரு சொல் பிசகினால் என் தாத்தா குற்றவாளி ஆகிவிடுவார்.

மறுநாள் முழுதும் மழை பெய்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கல்லறை நிலம் ஊறிக் களியாகிவிட்டது. அப்படி ஊறிய மண்ணில் நிற்கும் ஒரு கம்பத்தை ஒரு ஆள் மார்போடு கட்டிப் பிடித்துத் திருகினால் அது திரும்பும். பெண்ணாலும் முடியும். கம்பம் திரும்பினால், ஆணி அறைந்த புறாவும் கூடத் திரும்பும். இது மண்ணைப் பற்றிய பொதுச் செய்தி. யாரையும் நான் சுட்டிக்காட்டவில்லை.

ஆணை நாளின் காலையில் மழை நின்றிருந்தது. நாத்திசா ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, கல்லறை நிலத்தை நிரப்பியிருந்தது. மன்றம் அங்கேதான், நிலத்தின் ஓரத்து ஓக் மரத்தடியில் கூடியது. எதிரே நிற்பவனின் தாடி தெரிந்தது, அவனுக்குப் பின்னால் நிற்பவன் தெரியவில்லை. கம்பங்கள் எதுவும் தெரியவில்லை.

ரோதோ வந்தார். வழக்கமாக அணியும் மேலங்கி இல்லை, வேறொன்று. [பழைய மேலங்கியின் மார்புப் பக்கத்தில் மரப்பாசியின் பச்சைக் கறை இருந்ததாகவும், என் தாத்தா வீட்டுப் பணிப்பெண் அதைத் துவைத்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. இந்த வரியை அடிக்கிறேன்.]

குந்தெராதாவும் வந்தாள். பெண்களுக்கு மன்றத்தில் சொல் கிடையாது, ஓரத்தில் நிற்கலாம். போர்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றாள். [போர்வைக்கு உள்ளே அவள் முன்கைகளிலும் அதே பச்சை. இதை யாரும் பார்த்திருக்க முடியாது, போர்வைதான் இருந்ததே. இதையும் அடிக்கிறேன்.]

பாதிரியார் மந்திரித்த வாளையும் ஈட்டியையும் ஆகோ ஒரு மேசையில் வைத்தார்.

"யோசிச்சுக்க, ரோதோ. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல."

"யோசிச்சாச்சு."

"பனி விலகட்டுமே? புறாவைப் பாத்துக்கிட்டே சொன்னா நல்லாயிருக்கும்" என்றார் வினிகிஸ்.

"நான் நட்ட கம்பம். நான் பாக்க வேண்டியதில்லை. உனக்கு வேணும்னா பொறுமையா நின்னு பாத்துக்க" என்றார் ரோதோ.

யாரோ கனைத்தார்கள். ரோதோ வலது கையை வாளின் மேல் வைத்தார். வினிகிஸ் கேட்ட சொற்களையே சொன்னார், ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை:

"நான் நட்ட கம்பத்தின் புறா எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் கிடக்கிறது என் தம்பி தாதோவின் எலும்பு. இது ஆணை."

குரல் நடுங்கவில்லை. கிழக்கு என்பவர்களும் தெற்கு என்பவர்களும் இதை மட்டும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

அப்போது பனி விலகத் தொடங்கியது. தரையிலிருந்து மேலே, மெல்ல. முதலில் கல்லறைகளின் மேட்டுப் புல் தெரிந்தது. பிறகு கம்பங்களின் அடிப்பாகம். தாதோவின் கம்பத்தைச் சுற்றிக் களிமண் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு அளவுக் காலடியா, இரண்டு அளவுக் காலடியா என்று...

"எல்லாரும் திரும்பிப் பாருங்கய்யா!" என்று கத்தினார் வினிகிஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

8

இங்கே நிறுத்துகிறேன்.

முடிவுகள் என்னிடம் இல்லாமல் இல்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

புறா கிழக்கே பார்த்தது. வினிகிஸ் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். எங்கள் பெயர் தப்பியது. பொய்யாணை இட்ட ரோதோவின் கை அழுகவில்லை, மாடு சாகவில்லை, வீடு தீப்பிடிக்கவில்லை. பல்லோடும் பசியோடும் நெடுங்காலம் வாழ்ந்தார். இந்த முடிவுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம்: என் தந்தையை எத்தனையோ மன்றங்களில் சாட்சிக்கு அழைத்தார்கள். அர்காவின் குடியிலிருந்து யாரையும் அப்படி அழைக்க மாட்டார்கள். ஆனால் இந்த முடிவில் குந்தெராதா அந்த ஓரத்தில் நின்று என்ன செய்தாள் என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதும்போதெல்லாம் அவள் சும்மா நிற்கிறாள். என் பேனாவையே பார்க்கிறாள்.

புறா தெற்கே பார்த்தது. ஆணை உண்மையானது. ஊர் முன்னால், வாள் மேல் கை வைத்து, தன் தம்பி ஓடிப்போனவன் என்று ரோதோ தானே சொல்லிவிட்டார் என்று ஆனது. வென்றவர் வினிகிஸ்தான், ஆனால் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. இதற்கும் ஆதரவு உண்டு: குந்தெராதா பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. கடைசிவரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ரோதோ உணவுக்கு உட்கார்ந்தால் முதல் கிண்ணம் அவளுக்குத்தான் போகும் என்று வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கூடத்துச் சுவரில் கேடயம் மாட்டிய ஆணி இன்னும் இருக்கிறது. கேடயம் இல்லை. எங்கே போயிற்று என்றும் யாரும் சொன்னதில்லை.

மூன்றாவதை எழுதலாமா என்று தயங்கினேன். ரோதோ விடியலில் தனியாகப் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, கிழக்கிலிருந்து தெற்கே ஒரு திருப்புத் திருப்பினார். அவர் வீடு திரும்பிய பிறகு குந்தெராதா போனாள். பனியில் மேலே பார்க்க முடியவில்லை. அது கிழக்கேதான் நிற்கிறது என்று நம்பி, அவளும் அதே அளவு திருப்பினாள். அப்படியானால் புறா மேற்கே பார்த்திருக்கும். மேற்கே அப்போது எங்களவர் யாரும் செத்துக் கிடக்கவில்லை. (பின்னால் கிடந்தார்கள். ஃபிராங்குகள் அந்தப் பக்கமிருந்துதான் வந்தார்கள்.) மன்றம் வாய் பிளந்து நிற்க, மன்றத் தலைவர் ஆகோ ஒருவர்தான் சிரித்திருப்பார். இந்த முடிவை நான் நம்பவில்லை. ஆனால் எழுதியபோது இரண்டு பேரும் ஒரே மரத்தைக் கட்டிக்கொண்டதை நினைத்து, இதை அடிக்காமல் விட்டேன்.

ஆக, எங்கள் குடியில் ஒரு கோழை இருந்தான், அல்லது ஒரு கோழையும் பொய்யாணை இட்ட ஒருவரும் இருந்தார்கள். எழுதிப் பார்த்ததில் தெரிந்தது இதுதான். எப்படி எண்ணினாலும் கோழை கழியவில்லை. அவன் இல்லை என்று காட்டத்தான் உட்கார்ந்தேன். அவனோ உப்பங்கழி ஓரம் உட்கார்ந்து, பாதிச் சுண்டுவிரலோடு வலை தைத்துக்கொண்டே இருக்கிறான், எழுந்து போக மாட்டேன் என்கிறான். மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: என் தாத்தா அவனுக்காகப் பொய் சொன்னாரா, அவனுக்காக உண்மை சொன்னாரா? இரண்டில் எதில் மானம் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால், தவளைகள் இத்தனை நாள் குழியில் இருந்திருக்காது.

தெரியாத இடத்தில் தெரிந்ததாக எழுத மாட்டேன். அந்த ஒன்றையாவது இந்தக் குடியின் பெயருக்கு நான் செய்கிறேன்.

இன்று காலை குழியிலிருந்து தண்ணீரை இறைத்தாயிற்று. மகன்கள் கம்பத்தை இறக்கி நிறுத்திவிட்டார்கள். மண் இன்னும் தள்ளவில்லை, கம்பம் கையில் சுழல்கிறது. புதுப் புறாவுக்கு அலகு, கழுத்து, கண் எல்லாம் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் இனி எல்லோருக்கும் தெரியும். நான் கம்பத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறேன். இத்தனை நாள் ஈரத்தில் கிடந்த கம்பத்தின் பாசி, சட்டையில் பச்சையாக ஒட்டுகிறது. இந்த நிலையில் என்னால் மேலே பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள், திருப்புகிறேன். எந்தப் பக்கமானாலும் நான் தலை குனிய மாட்டேன். மண்வெட்டியோடு பையன்கள் காத்திருக்கிறார்கள்.